ஒண்டிக்கட்டை சொன்ன ‘நாங்க’

என் அக்கா சூனியக்காரி. திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம், அது அவள் தொழில். வாசல் கதவுக்குப் பக்கத்தில் பலகையே மாட்டியிருக்கிறாள்: ‘இங்கே சூனியம் எடுக்கப்படும். வைக்கப்பட மாட்டாது.’ இரண்டாவது வரி என் யோசனை. அது இல்லாத காலத்தில், மாமியாரைப் பற்றிப் பேச வருகிறவர்கள் கூட்டம் தாங்க முடியவில்லை.

எங்களுக்கு இரண்டாவது மாடியில் வீடு. முன்னறையில் அக்கா ஆட்களைப் பார்ப்பாள், சமையலறையில் மருந்து காய்ச்சுவாள். அதனால் அடுப்பில் எது இருந்தாலும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நான் வாயில் வைப்பேன். ஒரு தடவை டீ என்று நினைத்து எதையோ குடித்துவிட்டு, அன்று முழுக்கப் பூனைகள் பேசுவது எனக்குப் புரிந்தது. அதில் கேட்கிற மாதிரி ஒன்றும் இல்லை, எல்லாம் பக்கத்து வீட்டைப் பற்றிய புகார். துடைப்பத்தில் ஏறிப் பறப்பாளா என்று என்னிடம் கேட்பவர்களும் உண்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலே அவளுக்குத் தலை சுற்றும். எங்கள் வீட்டில் துடைப்பம் கூட்டுவதற்கு, அதையும் பாதி நாள் நான்தான் செய்கிறேன்.

அப்பா முகம் எனக்கு நினைவில்லை. அம்மா போன பிறகு அக்காதான் என்னை ஆளாக்கினாள். தொழிலும் அம்மாவிடமிருந்து வந்ததுதான். விக்கல் நிறுத்துவது, கெட்ட கனவை விரட்டுவது, தொலைந்த மோதிரம் எந்தக் குழாயில் போய் மாட்டியிருக்கிறது என்று சொல்வது, இப்படிச் சின்னச் சின்ன வேலைகள். கைராசிக்காரி என்று தெருவே சொல்லும். ஆனால் கல்யாணம் என்று வந்தால் அதே தெரு வாயைத் திறக்காது. பலகையைப் படித்துவிட்டுப் படியிலேயே திரும்பிப் போன வரன்கள் உண்டு. உள்ளே வந்தும் டீயைத் தொடாதவர்கள் உண்டு. ஒருத்தர் டம்ளரைத் தன் அம்மா கையில் கொடுத்து, “நீ குடிச்சுப் பாரும்மா” என்றார். நாற்பதைத் தாண்டியதும் அந்தப் பேச்சை எடுக்கவே அக்கா விடுவதில்லை. ஆனாலும் அவள் ஆசைப்பட்டது எனக்குத் தெரியும். போட்டுக் கொடுத்த டீயை முகர்ந்து பார்க்காமல் குடிக்கிற ஒருத்தர் வேண்டும், அவ்வளவுதான். கூடப் பிறந்த நானே முகர்ந்து பார்க்கிறவன் என்பதால் நான் வாயைத் திறக்க முடியாது.

எனக்கு வேலை வீடு வீடாகக் காஸ் சிலிண்டர் போடுவது. மூன்று சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போவேன். இந்த வேலையில் இருந்துகொண்டு மனிதர்களைச் சந்தேகப்படாமல் இருக்க முடியாது. தனியாக இருக்கிறேன் என்பவர் வீட்டில் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்தால், அங்கே இன்னொரு வாய் சாப்பிடுகிறது. உடம்பைக் குறைக்கிறேன் என்பவர் வீட்டில் தீர்ந்தால், அவர் யாருக்கும் தெரியாமல் பொரித்துத் தின்கிறார். என்னைச் சந்தேகப் பிராணி என்று அக்கா சொல்வாள். நான் மறுத்ததில்லை.

இப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் அந்த வெல்டர் வந்தார். அவர் ஒரு டிராகன் என்பது எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது. உங்களுக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், என்னைப் போல நீங்களும் அலைய வேண்டாம்.

பால்கனிக் கம்பி ஒன்று விட்டுப்போனது. ஒட்டவைக்க ஆள் கூப்பிட்டோம். நெடுநெடுவென்று ஒருத்தர், கறுப்புக் கண்ணாடி, தோளில் சாப்பாட்டு டப்பா அளவுக்கு ஒரு பை.

“மிஷின் எங்க?” என்றேன்.

“பையில இருக்குங்க. சின்ன மிஷின். கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க, வெளிச்சம் கண்ணுக்கு ஆகாது.”

திரும்பினேன். பின்னாலிருந்து ஒருத்தர் பலமாகச் சூப்பை ஊதிக் குடிப்பது போலச் சத்தம் வந்தது. மறுபடி பார்த்தபோது கம்பி ஒட்டியிருந்தது. வயர் இல்லை, சிலிண்டர் இல்லை, ஒரு பொறி கூடத் தரையில் இல்லை. பையைப் பார்த்தேன். அதன் வாய் திறக்கப்படவே இல்லை.

அக்கா அவருக்கு டீ கொண்டுவந்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது, குமிழி கூட அடங்கவில்லை. அவர் வாங்கினார், ஒரே மடக்கில் குடித்தார், டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

“சுடலையா?” என்று அக்கா கேட்டாள்.

“நாங்க இப்படித்தான் குடிப்போம். ஆறிப்போனா நல்லா இருக்காது.”

அக்கா அந்தக் காலி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கொதிக்கிற டீயை மடக்கென்று குடிப்பவனிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது என் கட்சி. முகர்ந்து பார்க்கவில்லை என்பது அவள் கட்சி.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரும்பாக இருந்ததெல்லாம் மளமளவென்று உடைய ஆரம்பித்தது. கட்டில் கால் போனது. வாணலியின் கைப்பிடி போனது. ஜன்னல் கொக்கி போனது. உடைந்த கண்ணாடியை ஒரு வார்த்தை சொல்லி ஒட்டவைக்கிறவள் என் அக்கா. அவளுக்கு வாணலிக் கைப்பிடிக்கு வெல்டர் தேவைப்பட்டார்.

நான் விசாரணையில் இறங்கினேன். அவருடைய பட்டறை பஸ் ஷெட்டுக்குப் பின்னால், டயர் கடைக்கும் லேத்துக்கும் நடுவில் இருந்தது. தகரக் கூரை. பட்டறைக்கு எங்கள் ஏஜென்சியில் சிலிண்டர் எடுப்பதில்லை. மற்ற ஏஜென்சிப் பையன்களைக் கேட்டேன், அங்கேயும் இல்லை. கரண்ட்டில் ஒட்டுகிறாரா என்று பார்த்தால் சுவரில் ஒற்றை பல்பைத் தவிர ஒன்றும் இல்லை. வேலை வரும்போது ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சட்டையைக் கழற்றி, சுருக்கம் விழாமல் உதறி, ஓர் ஆணியில் மாட்டுவார். அப்புறம் உள்ளே போவார். பின்பக்க அறையில் ஆள் உயரத்துக்கு நட்டும் போல்ட்டும் குவிந்து கிடந்தன. விற்பதில்லையாம், சும்மா சேர்த்து வைத்திருக்கிறாராம். எல்லாவற்றுக்கும் மேல், தீயோடு புழங்குகிற அந்தக் கையில் ஒரு தழும்பு கிடையாது. மீனைப் போல வழவழவென்று இருந்தது.

அந்தக் குவியலிலிருந்து ஒரு பித்தளை நட்டைத் துடைத்து, துணியில் சுற்றி, அக்காவுக்குக் கொடுத்தார். அக்கா அதைச் சாவிக் கொத்தில் கோத்துக்கொண்டாள்.

“பூ குடுப்பாங்க, பழம் குடுப்பாங்க. நட்டு குடுக்கற ஆளை இப்பத்தான் பாக்கறேன்” என்றேன். “நட்டு கழண்ட கேஸ்.”

“யாருக்குடா கழண்டிருக்கு, அவருக்கா எனக்கா?”

“ரெண்டு பேருக்கும்தான்.”

அவள் கோபப்படவில்லை. சாவிக் கொத்தைக் குலுக்கிக்கொண்டே உள்ளே போனாள். அந்தச் சத்தம் அன்று முழுக்க வீட்டில் கேட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவரைச் சாப்பிடக் கூப்பிட்டாள். நானும் எதிரில் உட்கார்ந்தேன், சாப்பிடுவதற்காக அல்ல.

“காரம் போடட்டுமா?” என்று அக்கா கேட்டாள்.

“போடுங்க. நாங்க காரம் நல்லா சாப்பிடுவோம்.”

“ஜன்னலைச் சாத்தட்டுமா? காத்து சில்லுனு வருது.”

“வேண்டாங்க. எங்களுக்குக் குளிர் தெரியாது.”

நான் என் தட்டைத் தொடாமலே கேட்டேன். “பட்டறைல நீங்க தனியாத்தானே இருக்கீங்க?”

“ஆமாங்க. ஒண்டிக்கட்டைதான்.”

“அப்ப நாங்கன்னா யார் யாரு?”

அவர் கை தட்டிலேயே நின்றது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடந்தது என்று தெரியவில்லை. “நாங்கன்னா…” என்று இழுத்தார். “நாங்கதான்.”

அவர் போன பிறகு அக்காவைப் பிடித்துக்கொண்டேன். நம் பாஷையில் ஒருத்தன் எதை வேண்டுமானாலும் மறைக்கலாம், இந்த ஒரு வார்த்தையில் மாட்டிக்கொள்வான். நாம என்றால் எதிரில் இருப்பவனையும் சேர்த்துக்கொள்கிறான். நாங்க என்றால் எதிரில் இருப்பவனை வாசலில் நிறுத்திவிட்டு, உள்ளே வேறு யாரோடோ இருக்கிறான். அந்த யாரோ யார்? பெண்டாட்டியாக இருக்கலாம். பிள்ளைகள் இருக்கலாம். மாமனார் மாமியாரோடு ஒரு குடும்பமே எங்கேயோ இவர் அனுப்பும் பணத்துக்குக் காத்திருக்கலாம்.

“உள்ளதைச் சொல்ல வைக்கற தூள் ஒண்ணு வச்சிருக்கியே, டீல ஒரு சிட்டிகை போடு” என்றேன்.

“நம்ம வீட்ல சாப்பிட வந்தவங்க மேல வித்தை காட்டக் கூடாது. அம்மா சொன்னது மறந்துடுச்சா?”

“அப்ப எப்படித் தெரிஞ்சுக்கறது?”

“அப்படித் தெரிஞ்சுக்கணும்னா எதுக்குடா கல்யாணம், ஒரு விசாரணைக் கமிஷன் வச்சுட்டுப் போலாமே.” பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். கல்யாணம் என்ற வார்த்தை பல வருஷத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்தது. சொன்ன பிறகு அவளுக்கே அது உறைத்து, தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள். “அவரு யாருன்னு எனக்கு மொத நாளே தெரியும். அவரே வாயத் திறந்து சொல்லட்டும்னு காத்திருக்கேன்.”

“பொண்டாட்டி இருக்கா?”

“இல்ல.”

“பின்ன என்னதான்?”

“உன்கிட்ட சொன்னா சாயந்தரத்துக்குள்ள சிலிண்டர் போடற வீடெல்லாம் தெரிஞ்சுடும்.”

இது அநியாயமான பேச்சு. ஆனால் பொய் இல்லை.

நான் வேறு வழி பார்த்தேன். அக்கா செய்கிற தீப்புண் களிம்பு ஒன்று உண்டு, பேர்போனது. ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். தீக்காயமே படாத ஆள் இதை வாங்கினால் எங்கே தடவுவார் என்று பார்க்கலாம் என்பது திட்டம். அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

“அவங்க செஞ்சதா?”

“ஆமா.”

முழங்கையில் தடவிக்கொண்டார். அங்கே காயம் எதுவும் இல்லை. அதற்குப் பிறகு எப்போது பார்த்தாலும் அந்த முழங்கை பளபளவென்று இருந்தது. ஒரு மனிதன் ஒன்றும் இல்லாத இடத்தில் தினமும் களிம்பு தடவுகிறான் என்றால், என்னைப் போன்றவனுக்குத் தூக்கம் வருமா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தானாகவே வருவதாகச் சொன்னார். ஒரு விஷயம் பேச வேண்டுமாம். அக்கா இரண்டு தடவை தலை வாரினாள். பலகையைத் துடைத்தாள். அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். அக்கா முன்னறையில் தட்டு வைத்துக்கொண்டிருந்ததால், அவரே சமையலறைக்குத் தண்ணீர்ச் செம்பை எடுக்கப் போனார். எங்களுக்கு எட்டாத மேல் அலமாரி அவர் உயரத்துக்கு நேர் கண்ணில் படும்.

“இது என்னதுங்க?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குரல் ஒரு மாதிரி இருந்தது.

போய்ப் பார்த்தேன். தூசி படிந்த கண்ணாடி ஜாடி ஒன்றைக் காட்டினார். மேலே அக்கா கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அன்றைக்குப் பார்த்து எனக்கு அவரிடம் நல்லபடியாகப் பேச வேண்டும் என்று தோன்றிவிட்டது.

“அதுங்களா, டிராகன் செதில். மருந்துச் சரக்குக்காரர் கொண்டுவந்து குடுப்பாரு. அதை இடிச்சுத்தான் தீப்புண் களிம்பு செய்யறது. நீங்க தடவறீங்களே, அதேதான்.”

முன்னறையில் கரண்டி விழுந்த சத்தம் கேட்டது. அவர் தன் முழங்கையைப் பார்த்தார். சட்டைக் காலருக்குள்ளிருந்து லேசாகப் புகை வந்தது. “நாங்க…” என்று ஆரம்பித்து நிறுத்தினார். “நான் கிளம்பறேங்க” என்றார். செம்பை வைத்துவிட்டு, படியில் இறங்கிப் போனார்.

‘நாங்க’ போய் ‘நான்’ வந்ததை நான் கவனித்தேன். ஆனால் என்ன அர்த்தம் என்று புரியவில்லை. மற்ற வரன்களைப் போல இவரும் ஜாடியைப் பார்த்து மிரண்டுவிட்டார் என்று நினைத்து, “பாத்தியா, நான் சொன்னேன்ல” என்று ஆரம்பித்தேன். அக்கா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அம்மா போனபோதுதான். சொன்னதெல்லாம் சரியாகிப் போவதில் ஒரு சுகமும் இல்லை என்று அப்போது தெரிந்தது.

“அவரு டிராகன்டா” என்றாள்.

“எந்த அர்த்தத்துல சொல்ற?”

“எல்லா அர்த்தத்துலயும்தான்.”

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு, நாற்காலி போட்டு ஏறி அந்த ஜாடியை எடுத்தாள். என் வண்டியில்தான் போனோம். பின்னால் நிறைத்த சிலிண்டர்கள் இருந்ததால் வண்டியைத் தெருமுனையிலேயே நிறுத்தினேன். அக்காவுக்கு அவசரம், எனக்கு உயிர் முக்கியம்.

ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனோம். அவர் நட்டு போல்ட்டையெல்லாம் ஒரு சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். ஊரைவிட்டுப் போக மூட்டை கட்டுகிறார் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. அக்கா கையிலிருந்த ஜாடியைப் பார்த்துப் பின்வாங்கி, சுவரோடு ஒட்டி நின்றார். அவ்வளவு உயரமான ஆள் என் அக்காவைப் பார்த்துப் பயந்ததை நான் அன்று பார்த்தேன்.

“எத்தனை பேரு?” என்றார். “அந்த ஜாடில எத்தனை பேரு இருக்காங்க?”

அக்கா ஜாடியை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

“எங்க சித்தப்பாவா கூட இருக்கலாம். நான் தினம் முழங்கைல தடவிக்கிட்டேன். நீங்க செஞ்சதுன்னு தடவிக்கிட்டேன்.” நிறுத்தி மூச்சுவிட்டார், பட்டறை சூடானது. “டீ, சாப்பாடு எல்லாம் இதுக்குத்தானா? மொத நாளே நான் யாருன்னு தெரிஞ்சுதான் கூப்பிட்டீங்களா?”

“தெரியும்” என்றாள் அக்கா. “நீங்க உள்ள வந்தப்பவே வாசனைல தெரிஞ்சுது. அன்னிலேர்ந்து நான் இந்த ஜாடில கை வைக்கலை. அந்தக் களிம்புல வெறும் கத்தாழைதான் இருக்கு. என் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது, ஆனா எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசுவான்.”

“பின்ன எதுக்கு அலமாரில வச்சிருந்தீங்க?”

“உங்க ஆளுங்களாச்சே. குப்பைல எப்படிப் போடறது? என்ன மரியாதை செய்யணும்னு உங்களையே கேக்கணும்னு இருந்தேன். நீங்க யாருன்னு நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் எப்படிக் கேக்கறது?”

அவர் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். நம்பலாமா கூடாதா என்று தடுமாறுகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறேன்.

“எங்க செதில் எங்க தீயில எரியாது” என்றார் கடைசியில்.

“அடுப்புல காட்டிப் பாத்துத்தான் வாங்கினேன். எரியலை.”

“அடுப்புத் தீயில எரியாத மாதிரி எதையாவது பூசலாம். எங்க தீயில எரியாதது நாங்க மட்டும்தான்.”

சட்டையைக் கழற்றினார். உதறினார். ஆணியில் மாட்டினார். அப்புறம் அவர் அங்கே இல்லை. துருவும் பித்தளையும் கலந்த நிறத்தில் ஒரு பெரிய உடம்பு, தகரக் கூரைக்கு அடங்கும்படி தன்னை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வால் போய் கிரைண்டிங் மிஷினைத் தள்ளிவிட்டது. கறுப்புக் கண்ணாடி தரையில் கிடந்தது. கண் மட்டும் மனிதக் கண்ணாகவே இருந்தது, அதில் ஒரு வெட்கம். நான் ஷட்டரைப் பிடித்துக்கொண்டேன்.

“அப்ப சிலிண்டர் நிஜமாவே வாங்கறதில்ல” என்று என் வாயிலிருந்து வந்தது. அக்கா என்னை முறைத்தாள்.

அவள் ஒரு செதிலை எடுத்துப் பட்டடைக் கல்லின் மேல் வைத்தாள். டிராகன் மெதுவாக ஊதியது, சூப்பை ஊதுகிற அதே சத்தத்தோடு. செதில் சுருண்டது, உருகியது, ஒழுகியது. பட்டறை முழுக்கப் பழைய பிளாஸ்டிக் வாளியை எரித்த நாற்றம் அடித்தது. இன்னொன்றை வைத்தாள். அதுவும் வாளிதான். ஜாடி முழுக்க வாளி.

அவர் மறுபடி ஆளாகி, சட்டையை மாட்டிப் பொத்தான் போட்டார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சாக்கின் மேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார்.

“போலிதானே, அப்புறம் என்னங்க?” என்றேன். “உங்க சித்தப்பா இல்ல, யாரும் இல்ல.”

“அதுதாங்க. உண்மையா இருந்திருந்தா, எங்கேயோ ஒருத்தராவது கொஞ்ச நாள் முன்னால வரைக்கும் இருந்தாங்கன்னு ஆகும். பயந்து ஓடும்போது கூட உள்ளுக்குள்ள ஒரு ஓரத்துல அதை நினைச்சுக்கிட்டேதான் ஓடினேன்.”

“அப்ப இந்த நாங்க, நாங்கன்னு சொல்றீங்களே, அது?”

“யாரும் இல்லைங்க. ரொம்ப காலமாவே யாரும் இல்ல. நான்னு சொன்னா அத்தோட எல்லாம் முடிஞ்சுபோன மாதிரி இருக்கு. அதனால சொல்லிக்கிட்டிருக்கேன்.”

நான் எத்தனை நாள் அந்த வார்த்தைக்குள் பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் தேடினேன். உள்ளே யாருமே இல்லை. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அக்கா அவருக்குப் பக்கத்தில் சாக்கின் மேலேயே உட்கார்ந்தாள். போல்ட்டெல்லாம் குத்தியிருக்கும். “இனிமே நாங்கன்னு சொல்லும்போது என்னையும் சேத்துக்கோங்க” என்றாள். அவர் தலையை ஆட்டினார். என்னைச் சேர்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அவர்களும் கூப்பிடவில்லை. இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது மூன்றாவது ஆளுக்கு அங்கே இடம் இல்லை. வெளியே வந்து வண்டிக்குக் காவல் இருந்தேன்.

ஆடம்பரம் இல்லாமல் கல்யாணம் நடந்தது. அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அக்கா முகத்தைப் பார்க்கும்போது எனக்கும் சந்தோஷம்தான். இருந்தாலும் டிராகன் டிராகன்தானே? திரைச்சீலை அருகில் அவர் தும்மினால் நான் வாளியைத் தூக்குவேன். என்னை அவர் வாய் நிறைய “மச்சான்” என்று கூப்பிட்டார். நான் அவரை வெல்டர் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

இங்கேதான் அக்கா ஒரு தப்பு செய்தாள். தொழிலில் கலப்படம் என்றால் அவளுக்கு ஆகாது. போலிச் செதில் ஜாடியைத் தூக்கிக்கொண்டு போய் சரக்குக்காரர் கடையில், நாலு பேர் நடுவில், அவர் முன்னால் கவிழ்த்துவிட்டாள். “வாளியை வெட்டி விக்கறீங்களே, வெக்கமா இல்ல? அத்தனையும் எரிஞ்சு ஒழுகிடுச்சு” என்று பிடிபிடி என்று பிடித்திருக்கிறாள். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். சரக்குக்காரர் மட்டும் சிரிக்காமல், “எந்தத் தீயிலம்மா எரிஞ்சுது?” என்று கேட்டிருக்கிறார். அவள் பதில் சொல்லாமல் வந்துவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொல்லும்போது அவள் உதடு வெளுத்திருந்தது. அந்தச் செதில் எந்தத் தீயில் மட்டும் எரியும் என்று அதைச் செய்து விற்கிறவருக்குத் தெரியும். உண்மையான செதிலுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதும் தெரியும்.

மறுநாள் காலையிலேயே கதவு தட்டப்பட்டது. வெல்டர் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தார், அடுப்பைப் பற்ற வைக்காமல். செதில் ஜாடியில் வீசிய அதே செண்ட் வாசனை, சரக்குக்காரருடையது, ஜன்னல் வழியாக முன்னாலேயே வந்துவிட்டது. பயந்தால் வெல்டருக்கு உடம்பு கட்டுப்படாது. சட்டையைக் கழற்றி முன்னறை ஆணியில் மாட்ட மட்டும்தான் நேரம் இருந்தது. அக்கா அவரைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே பாத்திரம் உருண்டது.

நான் வாசலை மறித்து நின்றேன்.

“அக்கா இல்லீங்களா?” என்றார் சரக்குக்காரர், என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தபடி. கண் நேராக ஆணிக்குப் போனது. “அது யார் சட்டை?”

“என்னுது.”

“உங்களுக்குப் பெருசா இருக்கும்போல?”

“அக்கா வாங்கினது. நான் இன்னும் வளருவேன்னு அவளுக்கு நினைப்பு.”

“உங்க வெல்டர் பட்டறைக்கு யாருமே சிலிண்டர் போடறதில்லைன்னு கேள்விப்பட்டேன்.”

“யாரு சொன்னது? நான்தான் போடறேன். வேணும்னா வந்து தூக்கிப் பாருங்க.”

அவர் சிரித்தார். என்னை நம்பவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. நான் பிழைப்பாகச் செய்துவந்த சந்தேகப் பார்வையை அன்று என் மேலேயே ஒருத்தர் வைத்தார். தலையிலிருந்து கால் வரை எரிந்தது.

“இப்ப வீட்ல யாரெல்லாம் இருக்கீங்க?”

“நாங்க மட்டும்தான்.”

“நாங்கன்னா?” என்று அவர் தலையைச் சாய்த்தார். “யார் யாரு?”

சமையலறையில் எல்லாச் சத்தமும் நின்றுபோனது. பாத்திரம் கூட உருளவில்லை. கதவுக்குப் பின்னால் இரண்டு பேர் மூச்சுவிடாமல் என் பதிலுக்குக் காத்திருந்தார்கள்.

“நாங்கன்னா நாங்கதான்” என்றேன். “அதுல நீங்க இல்ல.”

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். அங்கே அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. படியிறங்கிப் போனார். தெருமுனை திரும்புகிற வரைக்கும் பால்கனியில், வெல்டர் ஒட்டவைத்த அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். அன்றிலிருந்து தினமும் ஒரு காலிச் சிலிண்டரைத் தோளில் வைத்து, தெரு முழுக்கப் பார்க்கும்படி பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். முதுகு வலிக்கிறது.

அன்று அவர் போனதும் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, ஆணியிலிருந்த சட்டையை எடுத்து ஒரு உதறு உதறினேன். சமையலறைக் கதவு கொஞ்சமாகத் திறந்து, வழவழவென்று ஒரு கை மட்டும் வெளியே நீண்டது.

“இந்தாங்க அத்தான்” என்றேன்.

கை சட்டையை வாங்கவில்லை, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. ரொம்பச் சூடாக இருந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அப்புறம் அக்கா டீ கொண்டுவந்து கொடுத்தாள், அதை முகர்ந்து பார்க்காமல் அப்படியே குடித்தேன்.